சிப்பிச் சோறும் என் வலது முழங்கையும்

1

ஊர்த் திருவிழா மலருக்குக் கட்டுரை கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ‘இத்தாலி நாட்டில் நம்மவர் பெற்றிருக்கும் மரியாதை’ என்று தலைப்பையும் நீங்களே போட்டு அனுப்பிவிட்டீர்கள். அந்தத் தலைப்பை நான் அடித்துவிட்டேன். கட்டுரையைப் போட்டால் போடுங்கள், இல்லையென்றால் அடுப்பில் போடுங்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

உங்கள் மேல் குற்றமில்லை. நான் எழுதியதைத்தான் நம்பினீர்கள். என் கடிதத்தைக் கோயில் முற்றத்தில் வைத்து வாசித்தீர்களாம். ‘இங்கே பந்தாட்டம் பார்க்கப் போகிற ஒருவனும் என்னைத் தொடாமல் போவதில்லை’ என்ற இடம் வந்ததும் கூட்டம் கை தட்டியதாம். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னதாம். இதை என் அண்ணன் சூசை நேரில் வந்து சொன்னான்.

ஏன் கை தட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். கடியப்பட்டணத்துக்காரனுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். எங்கள் அம்மை மீன் கடவப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இரணியல் சந்தைக்குப் போவாள். நானும் கூடப் போவேன். தாகம் எடுத்தால் கடைக்காரன் செம்பை உயரத் தூக்கி ஊற்றுவான், கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். உப்புப் பொட்டலத்தைக் கையில் தரமாட்டான், பலகையில் போடுவான். கடலோரத்துக் கடப்புறத்தான் தொட்டால் கடைக்காரனுக்குக் குளிக்க வேண்டியிருந்தது. அவன் விற்ற உப்பு எங்கள் கடலில் இருந்துதான் வந்தது என்று அன்றைக்கே எனக்கு ஆத்திரம். வாயைத் திறக்கவில்லை.

அப்படி வளர்ந்தவனை ஒரு தெரு முழுக்கத் தொடுகிறது என்றால் கை தட்டத்தான் செய்வீர்கள். நானே எனக்குக் கை தட்டிக்கொண்டவன்தான்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாளத்தில் சமையல்காரனாக இத்தாலிக்கு வந்தேன். சண்டை முடிந்து பட்டாளம் ஊருக்குத் திரும்பியது, நானும் திரும்பினேன். ஆனால் நேப்பிள்ஸுக்குத் தெற்கே ஒரு சின்னத் துறைமுக ஊரில் கொஞ்செத்தா என்ற பெண்ணிடம் வருவேன் என்று சொல்லியிருந்தேன். நாற்பத்தேழில் கப்பலில் சமையல் வேலை வாங்கிக்கொண்டு வந்து இறங்கி அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அப்பா பெப்பே துறைமுகத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். நான் அங்கே சமையல்காரன். எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், பெயர் ரீத்தா. போப்பாண்டவர் எங்கள் அடுத்த வீட்டில் இருப்பதாக ஊரில் பலருக்கு நினைப்பு. நான் அவரைப் பார்த்ததே இல்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு வேதம் ஒன்று, பந்து ஒன்று. இரண்டில் எது பெரிது என்று சாமியாரிடம் கேட்டால் அவரே யோசிப்பார். எங்கள் ஊர் அணி முதல் வரிசை அணி அல்ல. வெல்வது கொஞ்சம், தோற்பது நிறைய. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அது ஆடும்போது தெருவில் நாய்கூட நடக்காது.

பெப்பே கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கள் மைதானத்தில் விளையாட எந்த ஊர் அணி வருகிறதோ, அந்த ஊர்ச் சாப்பாட்டைத்தான் அன்றைக்குச் சமைக்க வேண்டும். பந்துக்கு முன்னால் எதிரியைத் தின்று தீர்த்துவிட வேண்டும் என்பது கணக்கு. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் அந்த ஓட்டை வழியாகக் கோல் விழும் என்பார்கள். ஒருவன் மிச்சம் வைத்தால் பக்கத்தில் இருப்பவன் திட்டிக்கொண்டே எடுத்துத் தின்பான். சமையலும் அந்தந்த ஊர்ப் பக்குவத்திலேயே இருக்க வேண்டும். தப்பாகச் சமைத்தால் வேறு யாரையோ தின்றதாக ஆகிவிடும்.

இப்படியே இந்த நாட்டுச் சமையல் முழுவதையும் படித்தேன். ஜெனோவா அணி வந்தால் துளசி மாதிரி ஒரு இலையைக் கல்லுரலில் பூண்டோடு இடிக்க வேண்டும். நம் துவையல்தான், மிளகாயைக் காணோம். வெரோனா வந்தால் சோள மாவில் களி. வெனிஸ் வந்தால் சாளை மீனைப் பொரித்து வெங்காயத்தோடு காடியில் ஊறப்போட வேண்டும். மிலான் பக்கத்து அணி வந்தால் குங்குமப்பூச் சோறு. அந்தச் சோறு நடுவில் விறைப்பாக இருக்க வேண்டும். எனக்கு அது வேகாத சோறுதான். எங்கள் கடப்புறத்தில் சோறு நல்ல நாள் சாப்பாடு, மற்ற நாளெல்லாம் மரச்சீனிக் கிழங்கும் மீனும். எப்போதோ கிடைக்கிற சோற்றை அரைவேக்காட்டில் இறக்கினால் எங்கள் அம்மை அகப்பையால் அடித்திருப்பாள். இங்கே கூடுதலாக வேகவைத்தால் அடிக்க வருகிறார்கள். லிவோர்னோ வந்தால்தான் எனக்குத் திருவிழா. தக்காளியும் மிளகாயும் போட்டுப் பல மீன் சேர்த்த குழம்பு. அன்றைக்கு நான் யாரையும் எதுவும் கேட்காமல் சமைப்பேன்.

சாப்பிட்டு முடித்தவர்கள் சமையலறை வழியாகப் பின்வாசலில் வெளியே போவார்கள். மைதானத்துக்கு அதுதான் குறுக்கு வழி. போகும்போது ஒவ்வொருவனும் என் வலது முழங்கையைத் தொட்டுவிட்டுப் போவான். அகப்பை பிடிக்கிற கை அது. எதிரியைச் சமைத்த கை என்று தொடுகிறார்கள் என நினைத்தேன். முதலில் ஒருவன் தெரியாமல் இடித்தான், அன்றைக்கு ஜெயித்தார்கள், பிறகு எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நான் அறிந்த கதை இதுதான். நீங்கள் கை தட்டிய கதையும் இதுதான்.

கடிதத்தில் நான் எழுதாத ஒன்று உண்டு. கடியப்பட்டணம் மணலில் வெறுங்காலில் பந்து அடித்து வளர்ந்த நான் இந்த ஊர் மைதானத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அணி கேவலமாகத் தோற்றது. சமையல்காரன் அடுப்பை விட்டு வந்ததால்தான் என்று முடிவு கட்டினார்கள். அதன் பிறகு என்னை விடவில்லை. மைதானத்துச் சத்தம் சமையலறை வரைக்கும் வரும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே சத்தத்தை வைத்துக் கோலா இல்லையா என்று கண்டுபிடிப்பேன். இத்தனை வருஷமாக நான் பந்தாட்டம் பார்க்கவில்லை, கேட்டேன்.

3

இந்த நாட்டில் தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். எந்த ராஜ்யத்தில் பிறந்தாய் என்று கேட்பார்கள். திருவிதாங்கூர் என்பேன். அப்படி ஒரு பெயர் இப்போது தேசப்படத்தில் இல்லையே என்பான் அதிகாரி. திருவிதாங்கூர்–கொச்சி என்பேன். அது ஒரு ஊரா இரண்டு ஊரா என்பான். இப்போது நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்கின்றன என்று கேள்விப்படுகிறேன். சந்தோஷம். ஆனால் அதை அந்த மேஜைக்கு முன்னால் நின்று விளக்கப்போகிறவன் நான்தான்.

மற்ற நாட்டுக்காரர்கள் அங்கே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். என்னைப் பார்த்ததும் அதிகாரி சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிடுவான். மேஜைக்கு மேலே எட்டி என் முழங்கையைத் தொடுவான். ஞாயிற்றுக்கிழமை யாரோடு ஆட்டம் என்று சொல்வான். முத்திரை விழும். நான் பெஞ்சில் இருப்பவர்களைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வருவேன்.

வீட்டில் வேறு கதை. ரீத்தா என் இத்தாலியைத் திருத்துவாள். நான் பேசுவது சரக்கு இறக்குகிறவர்கள் பேசுகிற பேச்சாம், பள்ளிக்கூடத்தில் வந்து வாயைத் திறக்காதே என்பாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது அப்பா, சோறு, வா, போ. அதற்கு மேல் நான் கற்றுக்கொடுக்கவில்லை. நேரமில்லை என்று கொஞ்செத்தாவிடம் சொல்லுவேன். உண்மை அதுவல்ல. கடை முழுக்க என் பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்கிறது, மகளுக்கு நான் வேறு எதைக் கொடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

4

இந்த வருஷம் கோடை தொடங்குகிற சமயத்தில் சூசை அண்ணன் வந்தான். கொச்சியிலிருந்து ஓடுகிற சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் அவனுக்கு வேலை. கப்பல் பழுதாகி நேப்பிள்ஸில் நின்றுவிட்டது. லீவு கேட்டு ரயிலேறி ஒரு சனிக்கிழமை காலையில் கடை வாசலில் வந்து நின்றான். நாற்பத்தேழில் பார்த்தது. தலை நரைத்திருந்தான்.

அடுத்த நாள் வருஷத்தின் கடைசி ஆட்டம். பாரி என்ற துறைமுக ஊரின் அணி வருகிறது. சமம் ஆனாலும் போதும், எங்கள் அணி இருக்கிற இடத்தில் இருக்கும். தோற்றால் கீழ் வரிசைக்கு இறங்க வேண்டியதுதான். தெருவே காய்ச்சல் வந்த மாதிரி கிடந்தது.

பாரி ஊர்ச் சாப்பாடு என்ன தெரியுமா? சிப்பிச் சோறு. மண்சட்டியில் வெங்காயம், உருளைக்கிழங்கு, பச்சரிசி, தக்காளி, ஒரு பக்க ஓட்டோடு சிப்பி, இதையெல்லாம் அடுக்கடுக்காக வைத்துச் சூட்டடுப்பில் வேகவைக்க வேண்டும். நானும் அண்ணனும் சின்ன வயதில் பாறைக்கு நீந்திப்போய் முங்கிப் பெயர்த்த அதே சிப்பி. சாக்கு சாக்காக வந்து இறங்கியது. அண்ணன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு இந்தப் பக்குவம் பிடிக்கவில்லை. பச்சையாகப் பிளக்க வேண்டும் என்றதும் முகத்தைச் சுளித்தான்.

“வேவிக்காமலா பொளக்கது? இவனுவளுக்கு வயிறுன்னு ஒண்ணு இல்லியாலே?”

“பொளந்தா வாற வெள்ளத்தக் களயாத. அதாக்கும் ருசி.”

“நீ எனக்கு சிப்பி படிப்பிக்கியா? மூக்குல வெள்ளம் கேறி அழுதுட்டுக் கெடந்தவன் நீ. பாறையில இருந்து ஒன்ன இழுத்துட்டு வந்தவன் நானாக்கும்.”

இரண்டு பேரும் சிரித்தோம். அப்படிச் சிரித்து வெகு காலமாயிற்று. ஊர்க் கதை சொன்னான். கடிதம் வாசித்ததையும் கை தட்டியதையும் அப்போதுதான் சொன்னான். நான் தலையைக் குனிந்துகொண்டு சிப்பி பிளந்தேன். வெட்கப்பட்டு அல்ல, பெருமையை மறைக்க.

அந்த நேரத்தில் ரீத்தா உள்ளே வந்தாள். கூடப் படிக்கிற இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. அவள் என் வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து முழங்கையைத் தொட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டார்கள். கடைசியில் ரீத்தாவும் தொட்டாள்.

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தான். எதற்குத் தொடுகிறார்கள் என்று அவளிடம் கேட்கச் சொன்னான். நான் அவளைக் கேட்கவில்லை, நானே பதில் சொன்னேன்.

“மரியாதைக்குத் தொடுதாளுவ.”

“நீ சொல்லாத. பிள்ளைட்ட கேளு.”

கேட்டேன். தபால்காரர் மாறியதைச் சொல்வது போல ரீத்தா சொன்னாள். முன்பு ஜென்னாரோ இருந்தார், அவர் செத்துப்போய்விட்டார், அதனால் இப்போது அப்பா. தெருவில் எல்லாருக்கும் தெரியுமே, உனக்குத் தெரியாதா என்று என்னையே கேட்டாள். பெரியப்பாவுக்குப் பாஷை தெரியாதே என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. அவருக்குப் புரிய வேண்டும் என்று முதுகை வளைத்து, தோளைத் தூக்கி, கூன் போட்டு நின்று காட்டினாள். மற்ற இரண்டு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு கூன் போட்டார்கள்.

ஜென்னாரோ எங்கள் தெரு முனையில் லாட்டரிச் சீட்டு விற்றவன். கூனன். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கூனைத் தொட்டால் அதிர்ஷ்டம். சீட்டு வாங்கினாலும் கடலுக்குப் போனாலும் ஆட்டத்துக்குப் போனாலும் அவன் முதுகைத் தடவிவிட்டுப் போவார்கள். அவனை அடக்கம் பண்ணிய அன்றைக்கு நானும் கல்லறை வரைக்கும் நடந்தேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் என் முழங்கையை முதலில் தொட்டார்கள். இரண்டையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அவன் கூனைத் தொட்டார்கள், என் கறுப்பைத் தொட்டார்கள். அகப்பைக்கும் எனக்கும் இதில் ஒரு பாத்தியதையும் இல்லை.

“ஆருலே அந்தக் கூனன்?” என்று கேட்டான் அண்ணன்.

சொன்னேன். வேறு என்ன செய்ய? அவன் ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லை. ஒரு விரலை நீட்டி என் முழங்கையைத் தொட்டான்.

“எங்க கப்பலுக்க எஞ்சினு செரியாவட்டும்.”

பெரியப்பாவும் விளையாட்டில் சேர்ந்துவிட்டார் என்று ரீத்தா கை கொட்டிச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. கத்தியை எடுத்து அடுத்த சிப்பியைப் பிளந்தான். அவன் விரல் பட்ட இடத்தில் கடல் தண்ணீர் வழிந்து உள்ளங்கை வரைக்கும் வந்தது. அதைத் துடைக்க எனக்குக் கை எழும்பவில்லை.

இரண்டு பேரும் மிச்சச் சிப்பியைப் பிளந்தோம். சாக்கு தீர்ந்த பிறகு அவன் சொன்னான்: “தெரு தொட்டா தொடட்டும், நாசமாப் போவட்டும். ஒனக்க மொவ தொடுதால்லியா. நாளைக்கி வளந்து பெரியவளாயிட்டு, எங்கப்பன் ஆருன்னு கேட்டா என்னத்தச் சொல்லுவா?”

கொஞ்செத்தாவிடம் சொன்னபோது அவளுக்கு என் கோபமே புரியவில்லை. ஜென்னாரோவை இந்தத் தெரு அழுது புதைத்தது, அவன் இடத்தை உனக்குத் தந்திருக்கிறார்கள், இதில் என்ன குறைச்சல் என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஜென்னாரோவின் முதுகை நானும் தடவியவன். அவன் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை சிப்பிச் சோறு நன்றாக வந்தது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே கடல் வாசம். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றார்கள். ரொட்டியால் சட்டியைத் துடைத்தும் தின்றார்கள். பிறகு வழக்கம் போல வரிசையாகச் சமையலறைக்குள் வந்தார்கள்.

நான் பின்வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலில் வந்தவன் சால்வத்தோரே, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், என் சிநேகிதன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். கையை நீட்டினான். தொடாதே என்றேன். இன்னும் சிரித்தான். தொட்டால் இந்தச் சட்டியால் அடிப்பேன் என்றேன். சிரிப்பு நின்றது.

இன்றைக்கு நானும் மைதானத்துக்கு வருகிறேன் என்றேன். நான் குண்டு வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டார்கள். பெப்பே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்தார். என் மாமனார், என்னைவிட முப்பது வயது பெரியவர். அடுத்த வருஷம் போ, எல்லா ஆட்டத்துக்கும் நானே சீட்டு வாங்கித் தருகிறேன், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் என்ன மனிதன் என்று எனக்கே தோன்றியது. கொஞ்செத்தா ஒன்றே ஒன்று சொன்னாள். நீ போய்விட்டு வரும்போது இந்தக் கடையில் ஆள் இருக்காது.

அண்ணன் ரீத்தாவைக் கூப்பிட்டான். பாஷை இல்லாமலே அவள் அவனோடு போனாள். மூன்று பேரும் புறப்பட்டோம்.

மைதானத்தில் எங்களைச் சுற்றி இடம் விட்டு நின்றார்கள். அவ்வளவு நெரிசலிலும் எங்கள் மூன்று பேருக்கும் நல்ல இடம். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, இரணியல் சந்தை தோத்துது என்றான். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. உண்மையைச் சொல்கிறேன். பச்சைப் புல், நீலச் சட்டை, காலில் பந்து படுகிற சத்தம். இத்தனை வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டது கண்ணுக்கு முன்னால் நடந்தது. கத்தினேன். அண்ணன் யாருக்கு என்று தெரியாமலே கத்தினான். எவனோ ஒருவன் காலில் பந்தை வைத்துக்கொண்டு தடுமாறியபோது, “குடுலே, குடுலே, பக்கத்துல நிக்கான் பாரு,” என்று கடியப்பட்டணத்துக் கடற்கரை மாதிரியே கத்தினான். ரீத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். குடுலே, குடுலே என்று அவளும் கத்தினாள். என் மகள் வாயில் அப்படி ஒரு தமிழை நான் கேட்டதில்லை.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்படியே முடிந்தால் போதும். அப்போது எங்கள் ஆள் ஒருவன் கோல் கம்பத்துக்கு முன்னால் காலை நீட்டி அவர்கள் ஆளை விழவைத்தான். பெனால்ட்டி.

மைதானம் அடங்கியது. முன்வரிசைகளில் நின்ற தலைகள் திரும்பின. பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு கை என் முழங்கைக்கு நீண்டது. அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

“கைய எடுலே.”

தமிழ்தான். அவனுக்குப் புரிந்தது. கையை எடுத்துக்கொண்டான்.

பாரி ஆள் பந்தைக் குறியில் வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். அந்த நேரம் என் வலது முழங்கையில் ஒரு சின்னக் கை வந்து விழுந்தது. பயத்தில் அப்பனைப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். குனிந்து பார்த்தேன். ரீத்தா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பந்து வலைக்குள் போயிற்று. எங்கள் கோல் காக்கிறவன் வேறு பக்கம் விழுந்து கிடந்தான். ரீத்தா கண்ணைத் திறந்தாள். முழங்கையிலிருந்து கையை எடுத்தாள். எடுத்து உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவுனில் துடைத்துக்கொண்டாள்.

அவள் அழுதாள். பெரியப்பா மேல் சாய்ந்து அழுதாள். என் மேல் சாயவில்லை. திரும்பி வரும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். மறுநாள் காலை ரயிலில் ஏறும்போது அண்ணன் என் தோளைத் தொடப் போனான். என்ன நினைத்தானோ, கையைக் கீழே போட்டுக்கொண்டான்.

6

இப்போது இலையுதிர் காலம், புது வருஷ ஆட்டங்கள் ஆரம்பித்துவிட்டன. நாங்கள் கீழ் வரிசையில் இருக்கிறோம். எதிரிகள் சின்னச் சின்ன ஊர்க்காரர்கள். அவர்களுக்கென்று தனிச் சாப்பாடுகூட இல்லாத ஊரெல்லாம் இருக்கிறது. பெப்பே யோசித்து யோசித்து ஏதாவது சொல்கிறார், நான் சமைக்கிறேன்.

கொஞ்செத்தா சொன்னது பாதி நடந்தது. பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் வருகிறார்கள், மிச்சமில்லாமல் தின்கிறார்கள், முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறார்கள். சமையலறைக்குள் ஒருவனும் வருவதில்லை. சால்வத்தோரே தட்டை என் கையில் தருவதில்லை, பலகையில் வைத்துவிட்டுப் போகிறான். அனுமதி ஆபீசில் நானும் பெஞ்சில் காலையிலிருந்து உட்காருகிறேன். அங்கே உட்கார்ந்திருப்பவர்களோடு இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறேன். மைதானத்துக்கு நான் போகலாம், யாரும் தடுக்கவில்லை. போகவில்லை.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. யாரும் என்னைத் தொடுவதில்லை. அதற்குச் சந்தோஷப்பட வேண்டியவன் நான். இங்கேதான் என் வெட்கம் இருக்கிறது, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீங்கள் கை தட்டியதற்காக நான் வெட்கப்படவில்லை. கூனன் இடத்தில் நின்றதற்காகவும் அல்ல, அவனும் மனிதன்தான். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்காக வெட்கப்படுகிறேன்.

வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதற்கு அங்கே போய் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. உள்ளே இருந்து யாரோ முன்வாசலைத் திறந்தார்கள். பேச்சுச் சத்தம் அந்தப் பக்கமாகப் போயிற்று. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் வலது முழங்கை உடம்பை விட்டு விலகி, வாசலை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. நான் நீட்டவில்லை. அது தானாக நீண்டிருந்தது.

ரீத்தா கடைக்கும் சமையலறைக்கும் நடுவிலிருக்கும் கதவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கையை மடக்கலாம் என்றால் மடக்குவதும் தெரிந்துவிடும் என்று அப்படியே நின்றேன்.

கழுவுகிற தொட்டியிலிருந்து, பாரி ஆட்டத்தன்று சிப்பிச் சோறு வைத்த மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பாரம் அதிகம். இரண்டு கையாலும் தூக்கி என் வலது கையில் வைத்தாள்.

“பிடி அப்பா,” என்றாள், தமிழில்.

பிடித்துக்கொண்டேன்.